பாவாடை நுனி

"கொஞ்சம் மூச்சை இழுத்துப் புடிச்சுக்குங்க மேடம்" என்று சொல்லி, ஜீவிதா அந்தப் பெண்ணின் இடுப்பில் நாடாவை முடிந்தாள். சிவப்பும் பச்சையுமாகப் பட்டை வைத்துத் தைத்த பாவாடை, கழுத்து நிறையப் பாசிமணி. மாந்தோப்புக்குள் இருக்கும் அந்த ரிசார்ட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் 'நாடோடி உடை போட்டோ'வுக்குக் கூட்டம் அள்ளும். உடுத்திவிடுவது ஜீவிதாவின் வேலை. அவளுக்குச் சாம்பல் நிறச் சுடிதார்.

"ஏம்புள்ள, உனக்கு மட்டும் எப்படி இத்தனை சீரா மடிப்பு வருது?" என்று மேனேஜர் மோகனசுந்தரம் ஒருமுறை கேட்டார்.

"டெய்லர் கடையில இருந்தேனுங்க சார்."

நரிக்குறவர் வீட்டுப் பெண் என்று தெரிந்துதான் முன்பு ஒரு ஜவுளிக்கடையில் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். இங்கே அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. இந்த வேலையும் போனால் வேறு கதியில்லை.

படம் எடுத்து முடிந்ததும் அந்தப் பெண்ணின் கணவன் பாவாடையை வாங்கித் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு இடுப்பை ஆட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜீவிதா வீட்டில் பெண்ணின் பாவாடை நுனிகூட ஆம்பளை மேல் படக்கூடாது. பட்டால் அவன் தலைமுழுகாமல், குலசாமியைத் துணியில் கட்டி வைத்திருக்கும் சாமி மூட்டையைத் தொட முடியாது. மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

சிரித்த முகத்தோடு திரும்பினால், கேட்டுக்கு வெளியே அம்மா நிற்கிறாள். அதே மாதிரிப் பாவாடை, சாயம் போனது. கையில் பாசிமாலைக் கூடை. மகள் ஏதோ ஓட்டலில் வேலை செய்கிறாள் என்பது மட்டும்தான் சின்னத்தாயிக்குத் தெரியும். கூட்டத்தைப் பார்த்து விற்க வந்திருந்தாள்.

"போ போ, இங்கெல்லாம் நிக்கப்படாது" என்று வாட்ச்மேன் தனபால் கம்பை எடுத்தான்.

"ரெண்டு மாலை வித்துட்டுப் போயிடறேன் சாமி..." என்றவள் ஜீவிதாவைப் பார்த்துவிட்டாள். "ஏ, ஜீவிதா!"

தனபால் திரும்பினான். "ஏம்மா, உனக்குத் தெரிஞ்சவிங்களா?"

மேனேஜரும் திரும்பிப் பார்த்தார்.

"இல்லீங்ணா. யாருன்னே தெரியாதுங்க."

சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தன்னை நினைத்தே உடம்பெல்லாம் கூசியது அவளுக்கு. கையிலிருந்த நாடாவை முடிந்து முடிந்து அவிழ்த்தாள்.

சின்னத்தாயி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். தனபால் கம்பை ஓங்கியபடி அவளை ஒட்டி ஒட்டியே ரோடு வரைக்கும் விரட்டிக்கொண்டு போனான். அவள் ஒரு கையால் கூடையைப் பிடித்து, மறு கையால் பாவாடையைக் காலோடு சேர்த்து இறுக்கிச் சுருட்டிக்கொண்டு, அதன் நுனி அவன் மேல் பட்டுவிடாதபடி ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள்.