மேல்வாசல்

அந்த வீட்டில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, பழைய சோபாவைத் தள்ளிவிடுவதா வைத்துக்கொள்வதா, எல்லாவற்றுக்கும் சாப்பாட்டு மேஜையில் ஓட்டெடுப்பு. அப்பாதான் சபாநாயகர். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். வண்டிக்கு அடியில் படுக்காதவன் யோசனை சொல்லக் கூடாது என்பது அங்கே அவர் கடைப்பிடித்துவந்த கொள்கை. அதையே வீட்டுக்கும் சட்டமாக்கியிருந்தார். ஒரு காரியத்தில் யார் இறங்கப் போகிறார்களோ அவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் மலை வரைபடம் விரிந்து கிடந்தது. சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கொரு டம்ளர். மலை மேலே இடிந்து கிடக்கும் அந்தப் பழைய நகரத்தைப் பார்க்க ஊர் உலகமெல்லாம் போகிறது, இந்த வருஷம் இவர்களும் கிளம்புகிறார்கள். வழி மூன்று. கணவாய் ஏறி, கூடாரத்தில் தூங்கி, மேல்வாசல் வழியாக நுழைகிற கல்பாதை ஒன்று. ஆற்றோரப் பாதையில் நடை குறைவு, ஆனால் அதுவும் கடைசியில் மேல்வாசலுக்குத்தான் ஏறும். மூன்றாவது, ரயிலில் போய் பஸ் பிடித்து, கீழே டிக்கெட் கவுண்டர் பக்கமாக உள்ளே போவது.

"நான், தங்கச்சி, அப்பா மூணு பேரும் கல்பாதை. அம்மா ரயில். எல்லாரும் கவுண்டர்கிட்ட சந்திச்சுக்கலாம்" என்றான் மகன். வங்கியில் வேலை பார்ப்பவன். கணக்கு சரியாக முடிந்த முகத்தோடு பேனாவை மூடினான்.

போன வருஷம் திரை மாட்டும்போது ஸ்டூலிலிருந்து விழுந்து அம்மாவுக்குக் கால் முறிந்தது. எலும்பு எப்போதோ சேர்ந்துவிட்டது, வீட்டாரின் பயம்தான் ஆறவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவின் சூப்பர்வைசர் அவள். கொதிக்கிற இயந்திரங்களுக்கு நடுவே ஷிஃப்ட் முழுக்க நிற்கிறாள், அது யார் கண்ணிலும் படவில்லை. சலவைப் பிரிவு இருப்பது நிலவறையில். வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாகக் குப்பை வண்டி நிற்கும் பின்வாசல் வழியாகத்தான் போக்கும் வரத்தும். மேல்வாசலில் போய் நின்றால் அந்த நகரம் மொத்தமும் காலடியில் தெரியுமாம். கவுண்டர் பக்கமாகப் போனால் முதலில் கழிப்பறை. வாழ்க்கையில் ஓர் இடத்துக்காவது முன்பக்கமாக நுழைய வேண்டும் என்று அவளுக்கு வெறியே இருந்தது.

"எனக்கு ஓட்டு இல்லையா?"

"கல்பாதைல நீ வரலையே. சட்டம் சட்டம்தான்" என்றார் சபாநாயகர், டம்ளரைப் பார்த்தபடி. மூன்று கைகள் உயர்ந்தன.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னை என்ன பார்சல் என்று நினைத்தார்களா, ரயிலில் ஏற்றி அனுப்ப?

"சரி. அடுத்த ஓட்டு, ரயில். அதுல யார் யார் போறீங்க?"

"நீ மட்டும்தாம்மா" என்றான் மகன்.

"அப்போ ஓட்டும் எனக்கு மட்டும்தானே? ரயில் வேணாங்கறவங்க கை தூக்குங்க." தன் கையைத் தானே தூக்கினாள். "ரயில் தோத்துப்போச்சு. அடுத்தது ஆத்தோரப் பாதை. அதுலயும் நான் ஒருத்திதான். வேணுங்கறவங்க?" மறுபடி அதே கை. "ஜெயிச்சாச்சு."

மகன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். மகளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அம்மா தரையில் கிடந்து அலறியதை நேரில் பார்த்தவள் அவள்.

"நடுவழியில கால் முடியலேன்னா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு மனசு ஒரு கணம் இளகியது. ஆனால் கையை இறக்கவில்லை. "உக்காருவேன்டி. வலி நின்னதும் எழுந்து நடப்பேன். திரும்பி மட்டும் வர மாட்டேன்."

சபாநாயகர் மோவாயைத் தடவினார். நாற்காலியை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். "அப்படின்னா நானும் ஆத்தோரம்தான் வரேன். பசங்க கல்பாதைல போகட்டும்."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கா அந்த மூளை போகிற போக்கு தெரியாது? கூட வந்தால் ஓட்டு கிடைக்கும். ஓட்டு கிடைத்தால் ரயில் மறுபடி மேஜைக்கு வரும்.

"தாராளமா வாங்க" என்றாள் அவள், வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே. "ஆனா ஓட்டு முடிஞ்சுபோச்சு. இனிமே நடக்கிறது மட்டும்தான் பாக்கி."