கிழக்கே திருப்பிய டிராக்டர்

ஸ்டாப்பர் குமிழை இழுத்தால் இஞ்சின் நிற்கவேண்டும். டீசல் வண்டிக்கு அதுதான் மூக்கணாங்கயிறு. என் புருஷன் மணிமாறன் இழுத்தார். குமிழ் கையோடு வந்துவிட்டது, பின்னாலேயே துருப்பிடித்த கம்பி ஒரு முழம். அவர் கையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வண்டி எங்கள் ரெண்டு பேரையும் சட்டை பண்ணாமல், உழவு மாடு நடக்கிற வேகத்தில், கிணற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் கிணறு சுவரில்லாத தரைக்கிணறு. எங்கள் ஊர் கெடாரில் பாதிக் கிணறு அப்படித்தான். ஓரத்தில் நின்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை. டிராக்டரோடு ஒரு மனுஷன் உள்ளே போனால் எடுப்பதற்கு விழுப்புரத்திலிருந்து கிரேன்தான் வரவேண்டும். இதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அப்போது என் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வாய்க்குப் பேர்போனவள் நான், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 

அந்த வண்டி ரெண்டு வருஷமாகக் கொட்டகையை விட்டு நகரவில்லை. திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டையைப் போட்டுவிட்டு பைக்கில் திரும்பி வந்த என் புருஷனை ஒரு வேன் தட்டிவிட்டுப் போனது. இடது கால் கணுக்காலுக்கு மேலே ரெண்டாக உடைந்தது. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, பலம் கூடவில்லை. டிராக்டர் கிளட்ச்சை மிதிப்பது என்ன கார் ஓட்டுகிற மாதிரியா? நல்ல கால் உள்ளவனே எழுந்து நின்று மிதிக்கவேண்டும். நாலு ஊருக்கு உழவு ஓட்டின ஆள் கட்டிலில் உட்கார்ந்து செல்போனைத் தேய்க்க ஆரம்பித்தார். என்னிடம் எரிந்து விழுந்தார், நானும் சும்மா இருப்பேனா, திருப்பி விழுந்தேன். வீடு அப்படியே ஓடியது.

என் மாமியார் சின்னபொண்ணு மட்டும் விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மோட்டாரைப் போட்டு, ஓஸைப் பிடித்து, டிராக்டரை மேலும் கீழும் கழுவுவார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டுவார். மகன் மறுபடியும் அதில் ஏறி உட்காரவேண்டும் என்பது வேண்டுதல். மாடு குளிப்பாட்டுகிற பக்குவம். வயிற்றுக்கு அடியில்கூட ஓஸை விட்டு அடிப்பார். அந்தத் தண்ணீர் சந்து வழியாக உள்ளே போய், கிளட்ச் தட்டு இஞ்சின் சக்கரத்தோடு துருவேறி ஒட்டிக்கொண்டது. பெடலை மிதித்தால் பெடல் போகும், தட்டு விலகாது. கியரில் விழுந்த வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

மெக்கானிக் அன்புச்செல்வன் வந்து குனிந்து பார்த்துவிட்டு மாமியாரை ஒரு பார்வை பார்த்தான். "குளிப்பாட்டியே கொன்னுட்டீங்களேம்மா" என்றான். பிறகு என் புருஷனிடம் சொன்னான். "பிரிக்கறதுன்னா வண்டிய ரெண்டா பொளக்கணும்ணே. அதுக்கு முன்ன ஒண்ணு பண்ணிப் பாக்கலாம். கியர்ல வச்சே ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்ச மிதிச்சிக்கினே ஓட்டணும். நடுநடுவுல பிரேக்க குத்திக்கினே இருந்தா தட்டு ஒதறி வுட்டுரும். மச்சினிச்சி கல்யாணம், நான் புதன்கெழம வர்றேன். அதுவரிக்கும் யாரும் கைய வெக்காதீங்க."

புதன்கிழமை வரைக்கும் நேரமில்லை. என் மாமனார் பச்சைமுத்து ஏற்கெனவே திண்டிவனத்து புரோக்கர் ஒருத்தனிடம் பேசிவிட்டார். திங்கட்கிழமை வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறானாம், பழைய இரும்பாக. "ஓட்ற ஆளும் இல்ல, ஓட்ற வண்டியும் இல்ல. எத்தினி நாளைக்கு இத்த பாத்துக்கினு ஒக்காந்திருக்கறது?" என்று மகன் காதில் விழும்படியே சொன்னார். மகன் செல்போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் தெரியும். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன ஒரு மத்தியானம் கொட்டகையில் பார்த்தேன். ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இடது காலால் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்தார். மிதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். கால் வெடவெடவென்று ஆடும். கொஞ்ச நேரத்தில் பெடல் அவர் காலைத் தூக்கி எறிந்துவிடும். மறுபடி மிதிப்பார். முகமெல்லாம் வேர்வை. நான் பார்த்ததை அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் விட்டுவிடுவார். அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது சண்டை போடாமல் போட்டேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் "இன்னிக்கி எழுப்பிப் பாக்கறேன்" என்றார். மாமனார் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. அவர் வருத்தப்பட்டது வேறு விஷயத்துக்கு. கொட்டகை வாசல் தெற்குப் பார்த்தது. நேர் எதிரே மல்லாட்டை பிடுங்கின கொல்லை, ரோடு வரைக்கும் வெட்டவெளி. நூறு வண்டி தறிகெட்டு ஓடினாலும் ஒன்றும் ஆகாது.

"தெக்க பாத்தா எழுப்பறது? ரெண்டு வருசம் செத்துக் கெடந்த வண்டிய எமன் தெசையப் பாத்தா எழுப்புவாங்க? கெழக்கால திருப்புங்கடா."

"கெழக்கால கெணறு இருக்குதே மாமா" என்றேன்.

"அது எங்கியோ இருக்குது. அதுக்குள்ள வளச்சிக்க மாட்டானா? நாலு ஊரு ஓட்டனவன்."

அந்தக் கடைசி வார்த்தை என் புருஷன் முகத்தில் என்னமோ செய்தது. ரெண்டு வருஷம் கழித்து அப்பன் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை. அதற்குமேல் யார் தடுக்க முடியும்? பக்கத்துக் கொல்லைக்காரருடைய டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து, வண்டியைக் கிழக்குப் பார்த்து நிறுத்தினோம். அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். மாமியார் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். எல்லாம் பார்த்தோம். ஸ்டாப்பர் கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்க்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சாவி திருகியதும் வண்டி ஒரு குதி குதித்தது. கரும்புகை கக்கியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் புருஷன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்து எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. கிளட்ச்சை மிதித்துக்கொண்டே பிரேக்கைக் குத்தினார், ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைத்தார். தட்டு விடவில்லை. சரி, வளைத்துக்கொண்டு வந்து இன்னொரு சுற்று போகலாம் என்று ஸ்டீயரிங்கைத் திருப்பினார். அங்கேதான் முன்சக்கரம் ரெண்டும் வாய்க்காலில் இறங்கிவிட்டது.

கிணற்றுத் தண்ணி கொல்லைக்கு வருகிற வாய்க்கால் அது. ரெண்டு பக்கமும் காய்ந்து இறுகின கரை. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் சக்கரம் கரையில் உரசிவிட்டு வாய்க்காலிலேயே போனது. கிணற்றிலிருந்து வருகிற வாய்க்கால் கிணற்றுக்குத்தானே போகும். அப்போதுதான் ஸ்டாப்பரை இழுத்தார்.

"குதிடா! குதிச்சிடுடா மாறா!" மாமனார் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

எனக்கு அப்போதுதான் குரல் வந்தது. "குதிக்காதீங்க! ஐயோ, குதிக்காதீங்க!" அந்தக் காலை வைத்துக்கொண்டு குதித்தால் எங்கே விழுவார்? பெரிய டயருக்கு முன்னால்தான் விழுவார். அப்பன் ஒரு பக்கம் குதி என்கிறார், பொண்டாட்டி ஒரு பக்கம் குதிக்காதே என்கிறாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்தார். வண்டி முனகியதே தவிர நிற்கவில்லை. கியரைப் பிடித்து இழுத்தார், தட்டு ஒட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் அது கழலாது. இடது கால் பெடலில் ஆட ஆரம்பித்துவிட்டது, கொட்டகையில் ஆடின அதே ஆட்டம். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடினேன். எதைப் பிடிப்பது, எதை இழுப்பது, ஒன்றும் தெரியவில்லை. மாரியாத்தா, மாரியாத்தா என்று கத்தியது நான்தானா என்பதுகூட நிச்சயமில்லை.

அப்போது பார்த்தால் மாமியாரைக் காணோம்.

அவர் எப்போது ஓடினார், எப்படி எங்களைத் தாண்டிப் போனார், தெரியாது. முட்டி வலி என்று நாலு படி ஏறாத பொம்பளை. வாய்க்கால் போய் முடிகிற இடத்தில், கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ்ஸை நிறுத்துகிறவர்போல ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வாய் மட்டும் அசைந்தது. இஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

"யம்மா! அந்தாண்ட போம்மா! யம்மோவ்!"

என் புருஷன் தொண்டையிலிருந்து அந்த மாதிரிச் சத்தம் வந்து நான் கேட்டதில்லை. எழுந்து நின்றார். ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலும் மார்போடு இழுத்துப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் ரெண்டு பெடலிலும் இறக்கினார். வண்டிக்கு அடியில் 'டொக்'கென்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, தேங்காய் உடைக்கிற சத்தம்தான். வண்டி நின்றுவிட்டது. இஞ்சின் மட்டும் பாரம் விட்டுப்போய் வீறிட்டது.

தட்டு விட்டுவிட்டது. இதற்காகத்தானே இவ்வளவும். ஆனால் ஒருத்தரும் சந்தோஷப்படவில்லை. ரேடியேட்டர் மாமியார் வயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவர் கண்ணை மூடவில்லை. நகரவும் இல்லை. அவர் காலடியிலிருந்து மண் உதிர்ந்து, கொஞ்சம் பொறுத்து, கீழே தண்ணியில் விழுகிற சத்தம் கேட்டது.

வண்டி இன்னும் கியரில்தான் இருந்தது. பெடலிலிருந்து கால் நழுவினால் ஒரே குதி. மிதித்துக்கொண்டிருந்தது அந்தக் கால். கையை எடுத்து கியரைத் தள்ளலாம்தான். ஆனால் கையை எடுத்தால் கால் நிற்காது, அவர் கையால்தான் நின்றுகொண்டிருந்தார். பேண்ட்டுக்குள் கால் ஆடுவது எனக்கே தெரிந்தது.

"சித்ரா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். கல்யாணமான புதிதில் மட்கார்டில் உட்கார்ந்து இந்த வண்டியில் எத்தனை தடவை போயிருக்கிறேன்! கியர்த்தண்டு எந்தப் பக்கம் போனால் என்னவென்று கைக்குத் தெரியும். ஆனால் இடம் போதவில்லை. என் கால் எங்கேயோ பட்டு அவர் கால் நழுவிவிட்டால்? முதலில் என் வலது காலை அவர் காலுக்கு மேலே வைத்து அழுத்தினேன். பிறகு தண்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். வந்தது. தண்டு லூசாகி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

மாமனார் பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, முன்னால் போய் மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தார். அவர் நீட்டின கையை மடக்காமலே ரெண்டடி தள்ளிப் போனார். அப்புறம் அப்படியே வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நூட்ரலாயிடுச்சிங்க. கால எடுங்க."

"எடுத்தா போய்டும்டி."

"போவாது. இதோ பாருங்க, தண்டு ஆடுது பாருங்க."

அவர் தண்டைப் பார்க்கவில்லை. நேர் எதிரே அவருடைய அம்மா நின்றிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இப்போது கிணறுதான் தெரிந்தது. அவர் கைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் அந்த ஸ்டாப்பர் குமிழ் இன்னும் நசுங்கிக்கொண்டிருந்தது, கம்பி கீழே தொங்கியது. நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லாததால் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"எடுங்க" என்றேன் மறுபடியும். சொன்னேனே தவிர நானும் எடுக்கவில்லை. அவர் காலும், அதன் மேல் என் காலும், பெடலைத் தரையோடு தரையாக மிதித்தபடியே இருந்தன. ஆடுவது எந்தக் கால் என்று தெரியவில்லை.