இருநூற்றுப் பதினாறு பொம்மைகள்

சுகுணாவும் சமரீனும் நல்லம்பள்ளியில் ஒரே தெரு, ஒரே வகுப்பு. எட்டாவது படிக்கும்போது, சமரீனின் மாமா துபாயிலிருந்து கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம் ஒன்று வாங்கி வந்தார். அதில் இலவசமாக இறக்கிய ஒரு விளையாட்டுதான் இருவருக்கும் உயிர். சாவி கொடுத்தால் நடக்கிற பொம்மை மிருகங்கள் கூட்டமாக வரும். நம் பொம்மையை விட்டு அடித்துத் தள்ளினால், விழுந்ததில் ஒன்றிரண்டு நமக்குச் சொந்தம்.

ஆரம்பிக்க மட்டும்தான் இலவசம். பொம்மைகள் இருக்கும் ஊருக்குப் பலூனில் போகவேண்டும். ஒருமுறை போய்வந்தால் பலூன் சுருங்கிவிடும். கார்டு போட்டுப் பணம் கட்டினால் உடனே ஊதும். இரண்டு வீட்டிலும் கார்டு கிடையாது, காத்திருந்தார்கள். கணக்கு வகுப்பில் சமரீன் திரும்பி, "இந்நேரம் ஊதியிருக்கும்டி" என்பாள். பொம்மைகளின் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாததால் இவர்களே பெயர் வைத்தார்கள். விறைப்பாக நடக்கும் நண்டு, பி.டி. மாஸ்டர். நீண்ட மூக்குள்ள மஞ்சள் பிராணி, மூக்காயி. ஒரு வருஷத்தில் இருநூற்றுப் பதினாறு சேர்ந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமரீன் மதரஸாவுக்குப் போயிருந்தாள். அவள் வீட்டில் காத்திருந்த சுகுணா தனியாக விளையாட எடுத்தாள். திரையில் ஏதோ கேள்வி வந்தது. படிக்காமல் 'யெஸ்' அமுக்கினாள். மறுபடி கேட்டது. மறுபடியும் அமுக்கினாள். புதுப் பலூன் ஒன்று வந்து நின்றது. பொம்மை ஒன்றுகூட இல்லை. கேம் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

சாயந்திரம் சமரீன் அழுதுகொண்டே வந்தாள். "எல்லாம் போச்சுடி. நீ எடுத்தியா?"

"நான் தொடவே இல்ல."

பழி சமரீனின் தம்பி, நாலாவது படித்த தாரிக் மேல் விழுந்தது. அடி வாங்கினான். சமரீன் அவனோடு ஒரு மாசம் பேசவில்லை.

பதினோரு வருஷம் போனது. சமரீன் கல்யாணமாகித் தர்மபுரியில் இருக்கிறாள். சுகுணாவுக்கு ஏரியூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. போன வருஷம் பெங்களூரில் ஒருவர் அதே மாதிரிப் பழைய பெட்டியை, அதே விளையாட்டோடு விற்பதைப் போனில் பார்த்து வாங்கினாள். வேலைக்குப் போகவர பஸ்ஸில் விளையாடினாள். பலூன் சுருங்கியதும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊதிவிட்டது என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. இப்போது அவளிடம் கார்டு இருந்தது. ஆனாலும் காத்திருந்தே சேர்த்தாள்.

இருநூற்றுப் பதினாறு ஆன வாரம் சமரீன் வீட்டுக்குப் போனாள். பெட்டியைக் கையில் கொடுத்தாள். உட்காராமலேயே, "அன்னிக்கு அழிச்சது நான்தான்டி" என்றாள்.

சமரீன் திரையைப் பார்த்தாள். சுகுணாவையும் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, ஓசூரில் வேலை செய்யும் தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அடி வாங்கினவன்கிட்ட சொல்லு" என்றாள் சுகுணாவிடம்.

சுகுணா திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

"அக்கா, நெஜமாவா?" என்றான் தாரிக். "அன்னிக்குக் காலையில நானும் திருட்டுத்தனமா எடுத்து என்னென்னமோ அமுக்கினேங்க்கா. அடி வாங்கறப்ப இல்லைன்னு சொன்னேன். ஆனா நான்தான் அழிச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் நெனச்சிட்டிருந்தேன்."

"மன்னிச்சுக்க தாரிக்."

"விடுக்கா. மனசுல இருந்தது எறங்கிடுச்சு."

போனை வைத்த சமரீன் உள்ளே போனாள். பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்டது. கிளம்பிவிடலாமா என்று சுகுணா செருப்பைப் பார்த்தபோது, இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். ஒன்றை ஸ்டூலில் டக்கென்று வைத்தாள்.

"என் தம்பிய ஒரு மாசம் அழ வெச்சேன்டி நான்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

சுகுணா தலை குனிந்தாள். டீயில் ஆடை கட்டியது.

சமரீன் பாயில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். நீலச் சிறகுள்ள ஒரு பல்லியில் விரல் நின்றது.

"இது நமக்குக் கெடைக்கவே இல்லியே. எங்க புடிச்ச?"

"பனி மலைக்கு அந்தாண்ட ஒரு ஊர்ல. நாம போகாத ஊரு."

"என்ன பேரு வெச்ச?"

"இன்னும் வெக்கலடி" என்றாள் சுகுணா.

சமரீன் நகர்ந்து, சுகுணா உட்காரப் பாயில் இடம் விட்டாள்.