ஒரியோல் வாசித்த நற்செய்தி

அந்த வருஷம், ரஷ்ய முறைப்படி பூசை வைக்கக் குருக்களைப் பழக்கும் ரோமின் ரஷ்யக் கல்லூரியில் ஒரு ரஷ்யன்கூட இல்லை. ஸ்லோவாக்கியர், டச்சுக்காரர், குரோஷியர் என்று எல்லாரும் தாடி வளர்த்துக்கொண்டு, பழைய ஸ்லாவிய மொழியில் பூசை பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பெயினின் கத்தலோனியாவிலிருந்து வந்த ஒரியோல், குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டராகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குரல் கோயில் மணி மாதிரி கணீரென்று இருக்கும். நாக்குதான் வளையவில்லை. ரஷ்யர்களுக்கென்று ஓர் உயிரெழுத்து இருக்கிறது. தொண்டைக்குள் எங்கேயோ பிறப்பது. அது வரும் இடமெல்லாம் அவனுக்கு வியர்த்துவிடும்.

ஞாயிறுதோறும் வரும் ஜினயீதா அம்மாள் இதைச் சும்மா விடமாட்டார். புரட்சியில் நாட்டைவிட்டு ஓடிவந்து, பூசை உடைகள் தைத்துப் பிழைப்பவர். "ஏன் தம்பி, யாராவது வயித்துல குத்திட்டாங்களா? இப்படி முனகுறே!" என்பார். "நான் உங்க கத்தோலிக்க சபை இல்லப்பா. பாட்டு கேக்கத்தான் வர்றேன். அதையும் கெடுத்துடாதே."

ஒரியோல் சிரித்து வைப்பான். பிறகு சமையலறையில் பீட்ரூட் உரித்துக்கொண்டே அந்த ஓர் எழுத்தை நூறு தரம் சொல்லிப் பார்ப்பான்.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பூசையை ரஷ்யாவுக்கு வானொலியில் நேரடியாக ஒலிபரப்ப ஏற்பாடாகியிருந்தது. அந்தத் திருநாளின் ரஷ்ய வழக்கப்படி கோயில் முழுக்கப் பச்சைக் கிளை கட்டி, தரையில் புல் பரப்பியிருந்தார்கள். நற்செய்தி வாசிக்க வேண்டியவன் டச்சுக்காரன் விம். காலையில் எழுந்தால் அவனுக்குத் தொண்டையில் காற்றுதான் வந்தது.

பாடகர் குழுத் தலைவர் லூதவித் சாமியார் ஒரியோலைப் பிடித்தார். "நீதான் வாசிக்கணும்."

"நானா ஃபாதர்? அங்க கேக்கிறவங்க ரேடியோவை அணைச்சுடுவாங்க!"

"அணைக்கிறவன் அணைக்கட்டும். நீ கீழ் சுருதியில ஆரம்பி, போதும்."

அடியிலிருந்து தொடங்கி, வரிக்கு வரி சுருதி ஏற்றி, உச்சியில் முடிப்பதுதான் அங்கே முறை. பதற்றத்தில் ஒரியோல் ஒரு படி மேலேயே ஆரம்பித்துவிட்டான். மூன்றாம் வரியில் அவனுக்கே தெரிந்துபோனது. இப்படியே ஏறினால் கடைசி வரியில் குரல் கிழிந்துவிடும். நிறுத்தவும் முடியாது, ஒலிவாங்கி முகத்துக்கு நேரே நின்றது. ஏறுவதை விட்டான். அதே சுருதியில் நான்கு வரி நிதானமாக நடந்தான். மூச்சு நிலைக்கு வந்தது. அந்தப் பொல்லாத எழுத்து வந்ததையும் போனதையும் அவன் கவனிக்கவே இல்லை. பிறகு ஏறினான். கடைசி வரியில் 'ஒளி' என்ற சொல்லை எட்டியபோது குரல் முழுசாக விரிந்து, ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. குழு ஒரே வீச்சில் பதில் பாடியது. லூதவித் சாமியார் கையசைக்க மறந்து நின்றார்.

பூசை முடிந்ததும் கோயில் வாசலுக்கு ஜினயீதா அம்மாள் ஒரு நெட்டைக் கிழவரோடு வந்தார். பாரிஸிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன். கடைசி வரிசையில் நின்றதால் வாசித்தவரின் முகத்தை அவர் பார்த்திருக்கவில்லை. ஒரியோலின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "சாமி, உங்களுக்கு எந்த ஊரு? துலாவா, ரியசானா? நாற்பது வருஷமாச்சு இப்படிக் கேட்டு!"

"நான் கத்தலான்காரன் ஐயா. ரஷ்யாவை மேப்புலதான் பாத்திருக்கேன்."

கிழவர் தங்கையைப் பார்த்தார். "பொய்தானே சொல்றார்?"

"பொய் இல்லண்ணா," என்றார் ஜினயீதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனாலும் நம்ம பையன்தான்."

அதற்குள் விம் கூட்டத்தோடு வந்து, குரலில்லாமலே கத்தி, ஒரியோலைத் தோளில் தூக்கிவிட்டான். "டேய், உடுப்பு கிழியுது!" என்று சாமியார் அலறினார். யாரும் காதில் வாங்கவில்லை. தெருவில் போனவர்கள் நின்று, என்ன விசேஷம் என்று தெரியாமலே கைதட்டினார்கள்.