வெள்ளிக்கிழமை வண்டிச் சத்தம்

என் வீட்டுக்காரர் ஞானதாசுக்கு மூன்று மோட்டார் சைக்கிள். புல்லட் ஒன்று, யெஸ்டி ஒன்று, ஆர்எக்ஸ் ஒன்று. எங்கள் வீடு இரண்டே அறை. ஓர் அறையில் அவை இருக்கின்றன, இன்னொன்றில் நான் இருக்கிறேன். மனுஷன் குவைத்தில் மீன்பிடி லாஞ்சில் இருக்கிறார்.

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்தில் வண்டி என்றால் இறால் கூடை ஏற்ற, ஐஸ் பெட்டி கட்ட. இவர் வண்டிகளில் ஒரு வலைத் துண்டுகூட ஏறியதில்லை. அவசரத்துக்குக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேர் எங்களோடு பேசுவதில்லை. ஒருத்தன் உட்கார எத்தனை சீட்டு வேணும் என்று கேலி வேறு. ஊரில் இருந்தவரை அவருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஹைவே வரை போய்வருவார். இப்போது அவர் குவைத் போய்விட்டார், பேசாதவர்கள் எனக்கு மிச்சம்.

நான் ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்துக்காரி. பிறந்த ஊரில் எங்கே போனாலும் படகுதான். கிளம்புவதற்கு முன்னால் அவர்தான் எனக்கு வண்டியை உதைக்கக் கற்றுக்கொடுத்தார். புல்லட்டில் சின்ன லீவரை அமுக்கி, மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் ஒரே உதை. தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். என் கெண்டைக்காலில் தழும்பு இருக்கிறது. கற்றுத் தந்தது நான் ஓட்டுவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். உப்புக் காற்றில் வண்டிகள் படுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அங்கே லீவு. சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டாயா என்பார். பதில் சொல்வதற்குள் ஸ்டார்ட் பண்ணு என்பார். நான் ஒவ்வொன்றாகக் கிளப்பி, புகையில் கண் எரிய, சைலன்சருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பேன். அணைத்தால் இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்பார். கடைசியில் எந்த கேபிளுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று இரண்டு வார்த்தை. அதோடு எங்கள் குடும்பப் பேச்சு முடிந்தது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. இரும்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாளே என்று சிரிப்பீர்கள். வாரம் முழுக்க வாயைத் திறக்க ஆளில்லாத வீட்டில் இருந்து பாருங்கள், தெரியும்.

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை ஹலோ என்று நான் சொன்ன குரல் எனக்கே என்னுடையதாகத் தெரியவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். மூன்று வண்டியும் ஓடி முடிந்தது.

"ஆர்எக்ஸ் மிஸ்ஸிங் அடிக்குது மேரி. பிளக்க கழட்டித் தொடச்சுடு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்றையும் ஏரியில் தள்ளியிருப்பேன். தள்ளத் தெம்பில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி அறையைப் பூட்டிவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

"இன்னிக்கு வண்டி கெடையாது. உனுக்கு வண்டி வேணுமா, நான் வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அந்தப் பக்கம் டிவி ஓடியது, நாலைந்து ஆண்களின் பேச்சு கேட்டது. யாரோ மலையாளத்தில் இவரை என்னவோ கேட்டுச் சிரித்தார்கள். பிறகு இவர் குரலைத் தாழ்த்தி, ஸ்டார்ட் பண்ணு மேரி, உன் காலில் விழுகிறேன் என்றார். அவ்வளவு உசத்தியா அதுங்க என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அழுகை முட்டியது.

"ரூம்ல எட்டுப் பேரு கீறோம்" என்றார். "வண்டி சத்தத்த ஸ்பீக்கர்ல போட்டா, பைத்தியம்னு திட்டினு எல்லாரும் வெளிய போயிடுவாங்க. அப்பதான் நான் தனியா இருப்பேன்."

"தனியா இருந்து இன்னா பண்ணுவ?"

"அழுவேன். போன வாரம் உன் தொண்ட கட்டினுகீதுனு எனக்குத் தெரியும். இன்னா ஆச்சுனு கேட்டிருந்தா அவங்க முன்னாலயே ஒடஞ்சிருப்பேன்."

பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் புல்லட்டை உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் யாரோ சலித்துக்கொள்வது கேட்டது, பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை நான் போனைச் சைலன்சருக்குக் கொண்டுபோகவில்லை. வண்டியிலேயே சாய்ந்து உட்கார்ந்து காதோடு வைத்து அழுத்திக்கொண்டேன்.

இத்தனை வெள்ளிக்கிழமையும் சைலன்சரிடம் அழுத மனுஷன் அன்றைக்கு என் காதில் அழுதார். நான் வண்டியை அணைக்கவில்லை.