ஆறாவது இலக்கம்

1.

உண்மையைச் சொல்லியே தொடங்குகிறேன். இந்தக் கதை பிறந்தது என் போனுக்கு வந்த ஒரு வங்கிச் செய்தியில். ரூபா 8,500 எடுக்கப்பட்டது, சாவகச்சேரி. கணக்கு என் தம்பி ஜெயதீபனுடையது. எடுத்தவள் அவனைக் கட்டி மூன்று மாதமான கஜந்தினி. செய்தி எனக்கு ஏன் வருகிறது? பன்னிரண்டு வருடத்துக்கு முன்னம், அவனிடம் போனே இல்லாத காலத்தில், படிவத்தில் என் நம்பரை எழுதினது நான்தான். பிறகு ஒருத்தரும் மாற்றவில்லை. (நான் ஞாபகப்படுத்தவுமில்லை. இதைக் குறித்து வையுங்கள்.)

கதைக்குள் எனக்கு உதயகலா என்று பெயர். வெட்கம்தான், வேறென்ன.

2.

முதல் வரியை மூன்று தரம் வெட்டினேன்.

கஜந்தினிக்குக் கை ஓட்டை. (பொய். ஒரு சவர்க்காரத்தையும் இரண்டு கடை விசாரித்துத்தான் வாங்குவாள்.)

கஜந்தினி வடிவானவள், ஆனால்

கஜந்தினி அவனை என்னிடமிருந்து

வேண்டாம். நேராகவே சொல்கிறேன். கலியாணம் முடிந்த நாலாம் நாள், இணுவில் வீட்டில், ஜெயதீபன் தன் வங்கி அட்டையைக் கஜந்தினியின் கையில் வைத்து, இனி நீரே பாரும் என்றான். அவளுக்குச் சரியான புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. காசுக்காக இல்லை. ஒரு ஆம்பிளை கேள்வி கணக்கில்லாமல் தன்னை நம்பினான் என்பதற்காக. அன்றிரவு அந்த அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள்.

(தலையணை என் கற்பனை. அதை எழுதும்போது எனக்கு வயிறு எரிந்தது, அது கற்பனை இல்லை. என்னிடம் அவன் ஒருநாளும் அட்டையைத் தந்ததில்லை. செய்தி மட்டும்தான் வந்தது.)

3.

அவன் பிறந்தநாள் வந்தது. அவனுக்குத் தெரியாமல் ஒரு மணிக்கூடு வாங்க நினைத்தாள் கஜந்தினி. தாய்வீட்டுக்குப் போகிற சாட்டில் சாவகச்சேரியில் காசை எடுத்து, வாங்கி, அலுமாரியில் சேலைக்குள் ஒளித்தாள். பின்னேரம் வந்தவன் சப்பாத்தையும் கழட்டாமல் கேட்டான், அக்காவுக்கு வங்கிச் செய்தி வந்ததாம், அம்மா வீட்டில் ஏதும் காசுத் தட்டுப்பாடோ என்று.

அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தது வட்டுக்கோட்டையில் இருக்கிற உதயகலா. எட்டாயிரத்து ஐந்நூறு தாய்வீட்டுக்குப் போய்விட்டது என்று அவளே முடிவு கட்டி, மத்தியானமே தம்பிக்குப் போன் அடித்துவிட்டாள்.

கஜந்தினி பெட்டியோடு மணிக்கூட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"நான் காசெடுத்தால் வட்டுக்கோட்டையிலை மணி அடிக்குமெண்டு நீங்கள் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

வங்கியில் அக்காவின் நம்பர் கிடப்பதை மறந்துபோனேன் என்றான். அக்காதான் என்னை வளர்த்தவ என்றான். அது அவன் விட்ட பிழை.

"உங்களை வளர்த்தவ. நான் அவவின்ரை பிள்ளையே?"

அட்டையை அவன் சட்டைப் பைக்குள் வைத்தாள். நம்பரை மாற்றினாலொழிய அதைத் தொடமாட்டேன் என்றாள். இரண்டு நாள் அந்த வீட்டில் கதை பேச்சில்லை. மணிக்கூடு மேசையிலேயே கிடந்தது. (இதைத் தம்பி சொல்லி அழுதபோது எனக்குள்ளே சின்னதாய் ஒரு சந்தோசம் வந்தது. வெட்டலாமென்று பார்த்தேன். இருக்கட்டும்.)

4.

உதயகலா கெட்டவளோ? எனக்கு அவளைக் கெட்டவளாக்கத் தெரியவில்லை. கலியாணத்துக்கு முன்னம் தம்பி ஒவ்வொருநாளும் போன் எடுப்பான். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் பின்னால் கஜந்தினி சிரிக்கிற சத்தத்தோடு. மற்ற ஆறு நாளும் வங்கிதான் அவனைப் பற்றிச் சொல்லும். (அட்டை அவளிடம் இருந்தாலும் அவன் போனாலேயே காசு கட்டுவான், செய்தி எனக்குத்தான்.) இரண்டாயிரம் என்றால் பெற்றோல். ஆயிரத்துக்குள் என்றால் கொத்துரொட்டி, சோறு கொண்டுபோகவில்லை. கலியாணத்துக்குப் பிறகு கொத்துரொட்டி ஒருநாளும் வரவில்லை. அவள் நல்லாய்ச் சமைத்துக் கட்டிக் கொடுக்கிறாள் என்று அதிலே தெரிந்துகொண்டேன். தெரிந்தும் பொறுக்கமுடியவில்லை.

5.

முடிவு இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் மச்சாளும் மச்சாளும் கட்டிப்பிடித்து அழுவினம். அதை நானே நம்பவில்லை. மற்றதில்

பொறுங்கள், போன் அடிக்கிறது.

கஜந்தினி. வங்கியில் நிற்கிறாளாம், அவரும் பக்கத்தில் நிற்கிறாராம். நம்பரை மாற்றவேண்டுமென்றால் பழைய நம்பருக்கு வரும் ஆறு இலக்கத்தைச் சொல்லவேண்டுமாம்.

"வந்திட்டுதோ மச்சாள்?"

"ஓம்."

அவளுடைய குரலில் கோபமில்லை. பயம் இருந்தது. இது சரிவராவிட்டால் அட்டை திரும்பவும் அவன் பைக்குள்தான், அவர்கள் திரும்பவும் பேசாமல்தான் வீட்டுக்குப் போவார்கள். எனக்கும் தெரியும்.

நாலு, ஒன்பது, ஒன்று, ஏழு, ஏழு என்று சொல்லிவிட்டேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள்.

ஆறாவதும் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது. பிழையாகச் சொன்னால் கண் தெரியேல்லை என்று சமாளிக்கலாம். சரியாகச் சொன்னால் நாளைக்கு அவன் பெற்றோல் அடித்தானோ, சாப்பிட்டானோ, எனக்குச் சொல்ல ஒருத்தருமில்லை.

ஐந்து நிமிடம்தான் செல்லும் என்று கீழே போட்டிருக்கிறது. மூன்று போய்விட்டது. என்னாலே ஏலாது. இந்தாருங்கள், போனை உங்கள் கையில் தருகிறேன்.

"மச்சாள்," என்கிறாள், "லைனிலை நிக்கிறீங்களோ?"