கட்டக்கூடாத கயிறு

தயாபரன் மனிசனே இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

முல்லைத்தீவிலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலநாள் படகு அது. ஐந்து பேர் செய்யவேண்டிய வேலைக்கு மூன்று பேர். படகை ஓட்டும் தண்டையல் அவன். வலை இழுக்க நானும் தம்பி ராசுவும். தம்பிக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கியதும் கரைக்குத் திருப்பச் சொல்லிக் கெஞ்சினேன். அறுவான் கேட்டால்தானே!

"விசுவமட்டில தோட்டம் கொத்தின உங்களுக்குக் கடல் ஒத்துவராது. நடிக்கிறான். படுக்க விடு" என்றான்.

மறுநாள் தம்பியின் வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. உடம்பு கொதித்தது. அப்போதுதான் தயாபரன் பயந்துபோய் வயர்லெஸ்ஸில் கத்தினான். கரையிலிருந்து தமிழ் தெரிந்த கடற்படைக்காரர் ஒருவர் பேசினார். குடல்வால் வெடித்திருக்கலாம், படகில் கொண்டுவந்தால் ஆள் தாங்காது, ஹெலிகொப்டர் வருகிறது என்றார்.

"மேலயிருந்து முதல்ல ஒரு கயிறு விடுவினம். அதைக் கையால பிடிச்சு, ஆளை ஏத்துற கூடை இறங்கேக்க அதை உங்கட பக்கம் இழுங்கோ. படகில மட்டும் கட்டிப்போடாதேங்கோ. கட்டினா ஹெலியும் விழும், நீங்களும் சாவீங்கள்."

"ஓம், ஓம், விளங்குது" என்ற தயாபரன் என்னைப் பார்த்து இளித்தான். "எனக்கோ கயிறு பிடிக்கப் படிப்பிக்கினம்!"

ஹெலிகொப்டர் தலைக்குமேல் வந்து நின்றபோது காற்று எங்களை அறைந்தது. உப்புத்தண்ணீர் கண்ணில் அடித்தது. கயிறு வந்தது. தயாபரன் எட்டிப் பிடித்தான். பிடித்த கையோடு முன்கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சும் போட்டுவிட்டான்! படகுக்கு வந்த கயிற்றையெல்லாம் கட்டியே பழகிய கை. காது கேட்டது கைக்கு எங்கே போய்ச் சேரும்?

"கட்டாதேங்கோ! அண்ணை, கட்டாதேங்கோ!" என்று கத்தினேன்.

அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? படகு அலையில் சரிய, கயிறு விறைத்து, ஹெலிகொப்டர் ஒருபக்கம் இழுபட்டது. மேலே வாசலில் நின்றவன் கயிற்றை வெட்டிவிட்டான். ஹெலிகொப்டர் விலகிப் போனது.

"அண்ணா, போறாங்கள்" என்றான் தம்பி.

வயர்லெஸ் கத்தியது. "இன்னும் ஒரு கயிறுதான் இருக்காம். எண்ணெயும் கனநேரத்துக்குக் காணாது. இந்த முறையும் பிழை விட்டால் திரும்பிப் போயிடுவினம்."

ஒருவன் கயிற்றைப் பிடிக்கவேண்டும். மற்றவன் தம்பியைக் கூடையில் ஏற்றவேண்டும். மறுபடி அவன் கையில் கயிறா? செத்தாலும் கொடேன். தயாபரனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன்.

"கயிற்றைத் தொட்டியெண்டா உன்னைக் கடல்ல தள்ளுவன். தம்பியைத் தூக்கு."

அதுவரை அவனை அண்ணை என்றுதான் கூப்பிட்டிருந்தேன். பல்லை நெறுமினான். ஆனாலும் தூக்கினான்.

ஹெலிகொப்டர் திரும்பி வந்து கயிறு விட்டது. அது என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. நான் விடவில்லை. கூடை படகில் இறங்கியதும் தயாபரன் மீன்பெட்டியை ஏற்றுவதுபோல் தம்பியைத் தூக்கி உள்ளே போட்டான். கூடை எழும்பும்போது தம்பி மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவன் முகத்தில் துப்பினான்.

தம்பியை உள்ளே இழுத்துக்கொண்டு ஹெலிகொப்டர் கரைப்பக்கம் பறந்தது. நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். தயாபரன் சாரத்தால் முகத்தைத் துடைத்தான்.

"பாத்தியே, துப்பப் பலமிருக்கு. நான் அப்பவே சொன்னனான், நடிப்பெண்டு."

தோலுரிந்த கையாலேயே அவன் வாயில் அறைந்தேன். அவனும் திருப்பி அடித்தான். கரைக்கு இன்னும் ஒரு நாள் ஓட்டம் இருந்தது. படகில் நாங்கள் இரண்டே பேர்.